நிற்காத டாங்குக்கு ஆயுத பூஜை

அத்திபெலேயைத் தாண்டி இருக்கும் எங்கள் ரசாயனத் தொழிற்சாலையில் மூன்று பெரிய டாங்குகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கலக்கி சுற்றிக்கொண்டிருக்கும். சாயப்பட்டறைகளுக்கான ஒரு பொடி அவற்றில் உருவாகிறது. நான் அங்கே ஷிப்ட் இன்ஜினியர்.

முன்பெல்லாம் பேட்ச் முறை. சரக்கைக் கொட்டி, சூடேற்றிக் கலக்கி, இறக்கி, டாங்கைக் கழுவினால் ஒரு பேட்ச் முடிந்தது. நடுவில் டீ குடிக்கலாம், ஊர்வம்பு பேசலாம். பிறகு பாதி மாறியது. ஒரு திரவத்தை நிரப்பிவிட்டு இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். வம்பு குறைந்தது. போன வருடக் கடைசியில் முழுசாக மாற்றிவிட்டார்கள். ஒரு பக்கம் சரக்கு போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் வந்துகொண்டே இருக்கும். தரம் சீராக வருகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் ஞாயிறு, பண்டிகை என்று எதுவும் அந்த டாங்குகளுக்குக் கிடையாது.

எங்கள் மூத்த ஆபரேட்டர் ஓசூர்க்காரர். ஆயுத பூஜையன்று சாயங்காலம் பேத்தியைத் தொட்டிலில் போட்டுப் பேர் வைப்பதாக எங்களையெல்லாம் அழைத்திருந்தார். எந்த வருடமும் அன்றைக்கு மிஷின் ஓடியதே இல்லை என்பதால் லீவு சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் மேனேஜர் வந்து, நிறுத்தக் கூடாது என்றார். கலக்கி நின்றால் பொடி அடியில் படிந்து இறுகிவிடும், மறுபடி சீராக ஓடவும் நேரம் பிடிக்கும். அது உண்மைதான். மாற்று ஆபரேட்டரோ ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டார்.

"அது எப்டி சார்? ஓடுற மிஷினுக்கு யாராச்சும் பூஜை போடுவாங்களா? நிறுத்திக் கழுவி, குங்குமம் வெச்சு, பூசணிக்கா ஒடச்சாதான் நமக்கு நல்லது, ஒள்ளேது" என்றார் ஆபரேட்டர்.

தொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லீவு கேட்டு நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நானாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கண்ணாலேயே அடக்கிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மேனேஜர் கெட்டிக்காரர். "சரி, மூணாவது டாங்க மட்டும் லைன்லேர்ந்து எடுத்துக் காலி பண்ணிடலாம். மத்த ரெண்டும் மெதுவா ஓடட்டும். அந்த ஒண்ணுக்கு நிம்மதியா பூஜை போடுங்க" என்றார். ஆபரேட்டர் கேட்டது பூஜைக்கு, கிடைத்ததும் பூஜைக்குத்தான். இனி எதைச் சொல்லி மறுப்பார்? தலையை ஆட்டினார்.

மறுநாள் அவரே டாங்கைக் கழுவினார். சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். தேவைக்கு மேலேயே ஓங்கிப் பூசணிக்காயை உடைத்தார். பக்கத்து டாங்குகளின் இரைச்சலில் மணிச் சத்தம் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தார்.

பிறகு சற்றுத் தள்ளிப் போய் வீட்டுக்கு போன் போட்டார். இரைச்சலுக்காகக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"காத்திருக்காதீங்க, தொட்டில்ல போட்டுடுங்க. பேர நீயே அவ காதுல சொல்லிடு. இல்லம்மா, நிக்கல. ஒண்ணுதான் நின்னுச்சு, ரெண்டு ஓடுது."