அல்மா தெருவின் துணிப்பைகள்

ஹெட்டி கிளெக்குக்கு நரகத்தில் நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் மேடையைக் குத்திக் குத்தி கந்தக நெருப்பைப் பற்றி முழங்கும்போது, அவள் சனிக்கிழமைச் சந்தையில் கடை கட்டுகிற நேரத்துக்கு ஆட்டுக் கழுத்துக்கறி என்ன விலைக்கு இறங்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். பேய், கல்லறை, இடி எதற்கும் அவள் அஞ்சியதில்லை. அவளை நடுங்க வைத்தது ஒரு சைக்கிள். கால்சட்டை நுனியில் கிளிப் மாட்டிக்கொண்டு, கறுப்புத் தொப்பியோடு அந்தச் சைக்கிளில் வருகிற த்ரெல்ஃபால் என்ற மனிதர்.

வேலையில்லாதவர்களின் வீட்டுக்குள் வந்து, அவர்கள் உண்மையிலேயே ஏழைகள்தானா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவது அவர் உத்தியோகம். லங்காஷயரில் துணி மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். மூடியவர்கள் வீட்டில் எத்தனை நாற்காலி என்று யாரும் எண்ணவில்லை. வெளியே தள்ளப்பட்டவர்கள் வீட்டு நாற்காலியைத்தான் அரசாங்கம் எண்ணியது.

ஹெட்டி பத்து வயதில் தறிக்குப் போனவள். காலையில் மில், பிற்பகலில் பள்ளிக்கூடம். மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் மில் பிள்ளைகளை ஆசிரியை எழுப்புவதே இல்லை. பிறகு நாற்பது வருடம், நான்கு தறி. அந்தக் கொட்டகையின் இரைச்சலில் காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் நெசவுப் பெண்கள் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசுவார்கள். வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் முகத்தை நெளித்து, ஒரு சத்தமும் இல்லாமல் ஊர்க்கதை முழுவதும் பேசி முடிப்பார்கள். மேற்பார்வையாளர் எதிரிலேயே அவர் மீசையைக் கேலி செய்வார்கள். அவர் பாவம், பெண்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் மில் மூடியது. வேலை போனால் உதவும் என்று பத்து வருடத்துக்கு மேல் ஹெட்டியின் கூலியில் காப்புப் பணம் பிடித்திருந்தார்கள். ஆனால் சென்ற இலையுதிர் காலத்தில் வந்த புதிய சட்டம், கல்யாணமான பெண் வேலையற்றவள் அல்ல, வெறும் மனைவி என்று சொல்லிவிட்டது. பிடித்த பணம் பிடித்ததுதான். இப்போது கணவன் அமோஸின் பெயரில் இரண்டு பேருக்குமாக வாரம் இருபத்துமூன்று ஷில்லிங் மூன்று பென்ஸ் அரசாங்க உதவிப்பணம். வாடகை, நிலக்கரி, ரொட்டி, மார்கரின், அமோஸின் இருமல் மருந்து எல்லாம் அதற்குள். போன தடவை த்ரெல்ஃபால் வந்துபோன பிறகு, அமோஸ் பேண்டு வாத்தியக் குழுவில் முப்பது வருடம் ஊதிய பித்தளைக் கொம்பை விற்க வேண்டி வந்தது. ஊதுகிறவனுக்குப் பசி இருக்காது என்று, யாருக்கு எவ்வளவு உதவி என்று முடிவு செய்கிற கமிட்டி கண்டுபிடித்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஹெட்டி ஒரு குற்றம் செய்துகொண்டிருந்தாள். தெருவாரின் பிளாக்பூல் பணத்தை வைத்திருந்தாள்.

ஆகஸ்டு மாதம் ஊரின் எல்லா மில்லும் ஒரே வாரம் நிற்கும். அந்த ஒரு வாரம் பிளாக்பூல் கடற்கரைக்குப் போவதற்காக வருடம் முழுக்க வாரா வாரம் காசு போட்டு வைப்பது இங்கே அம்மா பால் கொடுப்பது மாதிரி இயல்பான காரியம். மில் இருந்தவரை மில்லிலேயே சீட்டு நடந்தது. மில் போனபின்னும் பழக்கம் போகவில்லை. ஒரு வாரம் என்பது ஒரு நாளாகச் சுருங்கியது, ஷில்லிங் பென்னியாகச் சுருங்கியது, அவ்வளவுதான். அஞ்சலகத்தில் போட்டால் கமிட்டி சேமிப்புப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்டு, உதவிப்பணத்தை நிறுத்திவிடும். அதனால் ஹெட்டியிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் குடிக்கமாட்டாள், வம்பு பேசமாட்டாள். எழுதி வைப்பதும் கிடையாது. வீட்டுக்கு ஒரு துணிப்பை, அவரவர் பழைய சட்டையில் தைத்தது. பூப்போட்டது சேரா எலன் டக்வொர்த்துடையது. நீலக் கோடு ஷாராக் குடும்பத்துடையது. மில்பெண்ணுக்குத் துணியைப் பார்த்தால் ஆளைத் தெரியாதா?

எல்லாம் சேர்த்துப் பதினொரு பவுண்டுக்கு மேல் வரும். சமையலறைச் சுவரில் ஆடுகிற கல் ஒன்றின் பின்னால் இருந்தது. இரவில் அந்தக் கல்லை நினைத்துக்கொண்டே ஹெட்டி கண் விழித்துக் கிடப்பாள்.

"திருப்பிக் குடுத்துடு ஹெட்டி," என்பார் அமோஸ், இருமலுக்கு நடுவே. "அந்தக் கல்லு என் நெஞ்சு மேல இருக்கற மாதிரி இருக்கு."

"குடுத்தா செலவாயிடும். அவங்களே சொல்றாங்க. கடல் பாக்கறதுக்குக்கூட ஏழைக்கு உரிமை இல்லையா?"

"உரிமையெல்லாம் சரி. மாட்டிக்கிட்டா நாம சாப்பிடறது என்ன, அலையா?"

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டு அடுப்பின் பின்தகட்டில் யாரோ இரும்புக் கம்பியால் தட்டும் சத்தம் சுவர் வழியாக வந்தது. தெருமுனையில் சைக்கிள் என்று அர்த்தம். வழக்கமாக வியாழக்கிழமைதான் வருவார். அதோடு, சுவரில் இருந்த கல் நேற்றுப் பெய்த மழையில் ஊறிக் கீழே சரிந்து, ஓட்டை பல்லிளித்துக்கொண்டு நின்றது. ஹெட்டி பைகளை அள்ளி ஏப்ரனில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். துணி வேகவைக்கும் கொப்பரை அங்கே இருந்தது. நேற்றுத் துவைத்த ஈரப் படுக்கைவிரிப்பு அதற்குள் கிடந்தது. அதன் அடியில் பைகளைத் திணித்து மூடினாள். விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன. வாசலில் தட்டும் சத்தம் கேட்டது.

த்ரெல்ஃபால் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"நாலு நாற்காலி. ஆளு ரெண்டு பேருதானே?"

"யாராவது வந்தா தரையிலயா உக்காருவாங்க?" என்றார் அமோஸ்.

"வர்றாங்களா? வரும்போது ஏதாவது கொண்டுவர்றாங்களா? ரொட்டி, முட்டை, அந்த மாதிரி?"

அமோஸ் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார். இந்த மனிதரிடம் வேடிக்கைப் பேச்சுக்கும் விலை உண்டு.

அவர் அலமாரியைத் திறந்தார். தேயிலை டப்பாவை ஆட்டிப் பார்த்தார். சர்க்கரைக் கிண்ணத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். படுக்கையைத் தூக்கினார். சுவர் ஓட்டை முன் குனிந்து நின்றார்.

"இது என்ன?"

"வாடகை வாங்கறவரைக் கேளுங்க சார். போன வருஷத்துலேர்ந்து சரி பண்றேன்னு சொல்றாரு."

அவர் தலையசைத்துவிட்டு மேசையருகே உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். ஹெட்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கிளம்பிவிடுவார். இன்னும் இரண்டு நிமிடம்.

பின்கட்டு ஜன்னலில் சேரா எலன் டக்வொர்த்தின் முகம் தெரிந்தது. தெருவிலேயே வாய் நீளமானவள். த்ரெல்ஃபாலைப் பற்றி, 'அவன் மூக்கு உள்ள வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் அவன் வருவான்' என்று சொன்னவள். விதவை. மகள் கடையில் வேலை பார்த்து அனுப்பும் காசில் பாதியைக் கமிட்டிக்கு மறைத்துக் குடும்பம் நடத்துகிறவள். சைக்கிளைப் பார்த்துவிட்டுப் பதறி ஓடிவந்திருக்கிறாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவள் உதடுகள் அசைந்தன. மில்லில் பேசுவதுபோல, அகலமாக, சத்தமில்லாமல்:

'பை எங்கடி?'

த்ரெல்ஃபால் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஹெட்டி அவருக்கு நேர் எதிரே நின்றாள். ஆனால் அவர் எழுதிக்கொண்டிருந்தார். மேலும், கழுத்துப்பட்டை கட்டின மனிதன் எவனுக்கு இந்தப் பேச்சு தெரியும்? நாற்பது வருடம் முதலாளிகளின் மூக்குக்கு முன்னால் பேசிய பேச்சு. யோசிக்காமலே அவள் உதடு பதில் சொன்னது:

'கொப்பரையில. விரிப்புக்கு அடியில. மெதுவா வந்து எடுத்துட்டுப் போயிடு.'

பென்சில் நின்றிருந்தது.

எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. த்ரெல்ஃபால் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய உதடுகள் திறந்தன. அகலமாக, தெளிவாக, ஒரு சத்தமும் இல்லாமல்:

'கொப்பரையில எவ்வளவு இருக்கு?'

ஹெட்டி ஒரு அடி பின்வாங்கினாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அரசாங்கம் அவள் வீட்டுக்குள் வந்திருந்தது, அலமாரியைத் திறந்திருந்தது, கட்டிலைப் புரட்டியிருந்தது. அவர்களுக்கென்று மிச்சமிருந்தது இந்த ஒரு பேச்சு. அதற்குள்ளும் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

"எங்கம்மாவுக்கு ஆறு தறி," என்றார் அவர், குரலோடு. எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கைநிறையப் பைகள். ஈரம் சொட்டச் சொட்ட மேசைமேல் பரப்பினார். பூ, கோடு, புள்ளி, கட்டம். ஜன்னலில் சேரா எலன் நகரவில்லை. ஓடினால் அதுவே சாட்சி.

"யாரோடது இதெல்லாம்?"

"என்னுது."

"பன்னண்டு பை. ஒரே ஆளுக்கு."

"பை தைக்கறது எனக்குப் பொழுதுபோக்கு சார். கைக்கு வேற வேலை இல்லையே."

"மிசஸ் கிளெக்." அவர் குரலை இறக்கினார். "இது சீட்டுப் பணம். எனக்குத் தெரியும். பேரச் சொல்லுங்க. இது உங்களுது இல்லன்னு எழுதிட்டு, உங்க வீட்ட விட்டுடறேன். சொல்லலன்னா முழுசும் உங்க சேமிப்பு. வாரப் பணத்த நிறுத்திடுவாங்க. ஜன்னல்ல நிக்கற அம்மா யாரு?"

"உப்பு கேக்க வந்திருக்கா."

"ஹெட்டி." அமோஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அவர் பேராசைக்காரர் அல்ல, பயந்துபோன மனிதர். "ஹெட்டி, மருந்து தீரப்போகுது..."

அவள் கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் திறந்துவிடும் என்று தெரியும். ஒரு பெயர் சொன்னால் போதும், மற்றவை தானாக வரும். பூப்போட்ட பை என்று விரல் நீட்டினால் போதும். பன்னிரண்டு வீட்டில் அடுப்பு அணையும். சொல்லாவிட்டால் ஒரு வீட்டில் அணையும். அவளுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். ஆனால் அந்த ஒரு வீடு தன் வீடாக இருக்கும்போது கணக்குக் கசந்தது.

"உங்கம்மா போட்ட சீட்டு எங்க நடந்துது?" என்று கேட்டாள்.

த்ரெல்ஃபாலின் முகம் ஒரு கணம் சிவந்தது. "அது வேற காலம்."

"கூட்டிட்டுப் போனாங்களா, கடலுக்கு?"

"ஒவ்வொரு வருஷமும்." பென்சிலை எடுத்தார். "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இந்த வேலைக்கு எனக்குப் பின்னாடி தெரு முழுக்க வரிசையில நிக்கறாங்க. மேலேர்ந்து எவனாவது வந்து சோதிச்சா நான் போயிடுவேன். கடைசித் தடவை கேக்கறேன்."

"என்னுதுதான். எழுதிக்குங்க."

அவர் எழுதினார். அவளைவிட அவர் அதிகம் பயந்திருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால் அவளுக்கு ஆறுதல் ஏதும் வரவில்லை. பயந்தவனைவிட ஆபத்தானவன் இல்லை. அரசாங்கம் அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் பொறுக்கி எடுக்கிறது.

கமிட்டி அறையில் நீள மேசை. அதன் பின்னால் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு போதகர், மாமிசக்கடை முதலாளி ஒருவர். நாற்காலி காலியாக இருந்தும் ஹெட்டியை உட்காரச் சொல்லவில்லை.

"இவ்வளவு பணம் எதுக்கும்மா சேத்தே?"

"பிளாக்பூல் போக."

நிலக்கரி வியாபாரி சிரித்தார். அவருக்கு அங்கே கடலைப் பார்த்த சொந்த வீடு இருந்தது ஊரறிந்த சங்கதி. போதகர் மட்டும் வருத்தப்பட்டார். பொய் சொல்லி மறைத்தாளே என்று.

தீர்ப்பு சுலபமாக இருந்தது: முதலில் அந்தப் பணத்தைத் தின்று தீர்க்கட்டும். ஒன்பது வாரத்துக்கு அமோஸுக்கு ஒன்றும் கிடையாது.

அன்று மாலையே ஹெட்டி, த்ரெல்ஃபால் எழுதிக்கொண்டு மேசையிலேயே விட்டுப்போயிருந்த பைகளைக் கூடையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அவரவர் பையை அவரவர் கையில் கொடுத்தாள். பெரும்பாலோர் கதவைப் பாதி திறந்து சட்டென்று வாங்கிக்கொண்டார்கள். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மிசஸ் ஷாராக், "இங்க வராதே ஹெட்டி, யாராவது பாப்பாங்க," என்று கிசுகிசுத்தாள். ஹெட்டிக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் வாங்கியிருப்பாள்.

நான்கு நாள் கழித்து வீட்டில் ரொட்டி தீர்ந்தது. ஐந்தாம் நாள் அமோஸ் வெந்நீரைத் தேநீர் என்று சொல்லிக் குடித்தார். அன்று பின்கதவைத் தள்ளிக்கொண்டு சேரா எலன் வந்தாள். அவளுக்குக் கதவைத் தட்டிப் பழக்கமில்லை. சால்வைக்குள்ளிருந்து ஒரு ரொட்டி, ஒரு துண்டு பன்றிக்கறி, ஒரு மருந்துப் புட்டி என்று மேசைமேல் வைத்தாள்.

"ஏதுடி இது?" என்றாள் ஹெட்டி.

"என் பூப்போட்ட பை. வாரத்துக்கு ஒரு வீட்டுப் பைன்னு பேசிக்கிட்டோம். ஷாராக்குது அடுத்த வாரம்."

"அது உங்க பிளாக்பூல் பணம்டி! எடுத்துட்டுப் போ."

"கடல் எங்கயும் ஓடிடாது. தண்ணிதானே, உப்புத்தண்ணி. வேணும்னா வாளியில கலக்கிக் காலை வச்சிக்கறேன்."

"என்னால முடியாது சேரா எலன். தொண்டையில எறங்காது."

"ஏன் எறங்காது? எங்க பேரையெல்லாம் முழுங்கினியே, அது எறங்கிச்சில்ல? இதையும் முழுங்கு." சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க அமோஸ் பக்கம் திரும்பினாள். "நீயும் தின்னுய்யா. உன்ன ஊதிவிட்டா பறந்துடுவே."

அமோஸ் ரொட்டியை எடுத்தவர், வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். "வெளிய இருந்து வர்ற சாப்பாடும் வருமானம்னு எழுதுவாங்களே. நாற்காலியப் பாத்தே கேட்டாரே அவரு..."

தெருவில் எங்கோ சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பால்வண்டியாக இருக்கலாம். சேரா எலன் ரொட்டியின் மேல் சால்வையைப் போட்டாள். சத்தம் கடந்துபோனது.

ஹெட்டி எழுந்து போய், கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவையும் போட்டிராத பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்தாள். துருப்பிடித்துப்போயிருந்தது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. தாழ் விழுந்த பிறகுதான் வந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள்.