காமாலை இல்லாத மஞ்சள்

திண்டிவனம் ரயிலடியில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்கும் சவுரியம்மாளுக்கு முழங்கால் வலி. உடம்பு இளைத்தால் வலி குறையும் என்று யாரோ சொல்ல, ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுக் கேரட்டும் பப்பாளியுமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். வீட்டுக்குப் பின்னால் பப்பாளி காய்த்துத் தள்ளியது. கேரட்டைப் புருஷன் விருத்தாசலம் தன் ஆட்டோவில் மூட்டையாகவே கொண்டுவந்து போட்டான்.

வலி குறைந்தது. ஆனால் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது.

தினமும் சாப்பிட வரும் கொளஞ்சி, தட்டை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, கை இப்படி மஞ்சளா இருக்குது? காமாலையா?"

பேச்சு பரவியது. வண்டிக்கு ஆள் வரவில்லை. சவுரியம்மாள் கடையை மூடிவிட்டு வீட்டில் படுத்தாள். விருத்தாசலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உப்பில்லாப் பத்தியம் வைத்தான். காலையில் கேரட் ஜூஸ், மத்தியானம் பப்பாளி, சாயங்காலம் மறுபடி ஜூஸ் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். அவன் கவனிக்கக் கவனிக்க, மஞ்சள் பாதத்துக்கும் மூக்கோரத்துக்கும் ஏறியது.

கடைசியில் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் பிரபாவதி அவளை ஜன்னலோரம் நிறுத்திக் கண்ணைப் பார்த்தார்.

"கண்ணு வெள்ளையாத்தான இருக்கு? காமாலைன்னா முதல்ல அங்கதான் தெரியும். பசிக்குதா?"

"பசியிலதான் உயிரே போவுது டாக்டரம்மா!"

ரத்தப் பரிசோதனையிலும் ஈரல் நன்றாகவே இருந்தது. என்ன சாப்பாடு என்று டாக்டர் கேட்க, விருத்தாசலம் பெருமையாக ஒப்பித்தான். டாக்டர் சிரித்துவிட்டார்.

"நீங்கதான் பெயின்ட் அடிச்சிருக்கீங்க. ஆன்டி-ஆக்சிடன்ட்னு டிவியில சொல்றாங்கல்ல, அந்த வகைச் சத்துதான் கேரட்டுக்கு நிறம் குடுக்குது. அது கொழுப்புல கரைஞ்சு ரத்தத்துல சேரும். உடம்பு வேணுங்கற அளவு வைட்டமின் ஏ-வா மாத்திக்கும். மிச்சம் தோல்ல போய் தங்கிடும். உள்ளங்கையில தோல் தடிமன், அதான் அங்க நல்லா தெரியுது. கெடுதல் இல்ல. அளவா சாப்பிடுங்க, தானா மறைஞ்சிடும்."

"அப்போ உப்பு?"

"தாராளமா."

வெளியே வந்ததும் விருத்தாசலத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"நல்லதுன்னுதான செஞ்சேன், சவுரி."

"தெரியுங்க. அதான் வாய மூடிக்கினு குடிச்சேன். இப்போ கறிக்கொழம்பு சோறு வாங்கித் தர்றீங்களா, உங்களயே கடிச்சித் தின்னட்டுமா?"

பஸ் ஸ்டாண்டு எதிரே ஓட்டலில் அவள் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினாள். குழம்பின் உப்பும் காரமும் நாக்கில் பட்டபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

மறுநாள் வண்டியைத் திறந்தாள். தயங்கி நின்றவர்களிடம் விருத்தாசலமே விளக்கம் சொன்னான், டாக்டர் சொன்னதில் பாதியை மறந்து, மீதியில் தன் சரக்கைச் சேர்த்து. கேட்பதற்கென்றே ஆள் கூடியது. பொங்கல் பண்டிகை வருவதற்குள், பழையபடி பெரிய குண்டான் நிறைய மாவு ஆட்ட வேண்டியிருந்தது.