கடவுச்சொல் போட மறுத்த எஸ்தர்

எஸ்தர் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர், அவரை வேலையிலிருந்து அனுப்பியவர். எங்கள் பழைய திட்ட இயக்குநர். காலையில் தொலைபேசியில் அழைத்து, "நம்ம எஸ்தர் மேடம் தவறிட்டாங்க சார். மாரடைப்பு," என்றார். கூடவே, "இரங்கல் கூட்டம் ஒண்ணு வைக்கணும். நீங்க கூடவே வேலை செஞ்சவரு. நாலு வரி நல்லதா எழுதிக் கொடுங்க. எளிமையானவங்க, அமைதியானவங்க, அந்த மாதிரி," என்றார்.

எஸ்தர் எளிமையானவரும் அல்ல, அமைதியானவரும் அல்ல. அவரை அறிந்தவர்களுக்கு இது தெரியும். அந்த நாலு வரியை நான் எழுதிக் கொடுக்கவில்லை. வேறு யாரோ எழுதிய தாளை இயக்குநர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தில் படித்தார். அதில் எஸ்தர் 'திறந்த தகவல் தளத்தின் தாய்' ஆகியிருந்தார். தாயை வீட்டைவிட்டு விரட்டியவர் யார் என்பது தாளில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் செங்கல்பட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் அந்தத் திட்ட அலுவலகம் இயங்கியது. கிணற்று நீர், ஏரி மட்டம், கடல் அரிப்பு, காற்று, பறவைக் கணக்கு என்று ஒவ்வோர் அரசு அலுவலகமும் தனித்தனியே அளந்து தனித்தனியே பூட்டி வைத்திருந்தவற்றை ஒரே இணையதளத்தில் சேர்க்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைக்க வேண்டும். நிதி கொடுத்தவர்கள் வற்புறுத்தியதால் 'யார் வேண்டுமானாலும்' என்ற சொல் திட்ட அறிக்கையில் இடம்பெற்றது. வேறு காரணம் கிடையாது. எஸ்தர் ஒருவர்தான் அந்தச் சொல்லை நம்பி வந்தவர். திருக்கழுக்குன்றம் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் மகள். வீட்டில் முதல் பட்டதாரி. கல்பாக்கத்தில் கணினிப் பிரிவில் நல்ல வேலையில் இருந்தார். அதை விட்டுவிட்டு ஒப்பந்த அடிப்படையில் இங்கே வந்தார். நான் நிலத்தடி நீர் பார்க்கும் அலுவலகத்திலிருந்து அயற்பணியில் போனவன்.

முதல் கூட்டம் நினைவிருக்கிறது. எல்லாத் துறைகளிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். முந்திரியும் பிஸ்கட்டும் வைத்திருந்தோம். அவற்றைத் தீர்த்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து தங்கள் எண்கள் இரகசியம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளின் எண்ணிக்கை வைத்திருந்தவர்கூட மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். எஸ்தர் அவரைப் பார்த்து, "யாருக்குத் தெரியக்கூடாது சார்? பறவைங்களுக்கா?" என்று கேட்டார். அடுத்து எஸ்தர் சொன்னதைத்தான் பிறகு பல இடங்களில் அவர் வாயால் கேட்டோம்: "நம்பரு இன்னா உங்க வூட்டு நகையா சார், பீரோல வெச்சிப் பூட்ட? ஊரு தண்ணிய அளந்தீங்க. ஊருக்குச் சொல்லணும்."

எண்கள் வந்து சேரவே இழுபறியானது. வந்தவை வந்த இலட்சணம் அதைவிட மோசம். ஒருவர் அடியில் அளந்திருந்தார், ஒருவர் மீட்டரில். கோவளம் என்ற ஊரை நான்கு அலுவலகங்கள் நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தன. கணினிக்கு அவை நான்கு ஊர்கள். ஓர் அதிகாரி தம் துறையின் எழுத்துக்கூட்டலை மாற்ற மறுத்து, அது ஆங்கிலேயர் காலத்திலிருந்து வருவது என்று பெருமைப்பட்டார். "அது இருக்கட்டும் சார், அந்த ஊரு எங்க கீதுன்னு தெரியுமா?" என்று எஸ்தர் கேட்டார். மனிதர் அங்கே போனதே இல்லை. அந்த ஏளனத்தில் எனக்கும் பங்கு கிடைத்தது. எங்கள் அலுவலகம் கொடுத்த இருப்பிடக் குறிப்புகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "உங்க கோவளம் கிணறு கடலுக்குள்ள கீது சார். உப்பா இருக்கிறதுல ஆச்சரியம் இல்ல." அடுத்த நாளே இருவரும் பேருந்து ஏறிக் கோவளம் போனோம்.

அங்கேதான் ஜமீலாவைப் பார்த்தோம். மீனவர் தெருவை ஒட்டிய சந்தில் இடியாப்பம் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் தேடிய கிணறு அவர் வீட்டுக்கு எதிரேதான் இருந்தது. தண்ணீர் எப்படி என்று எஸ்தர் கேட்டார். "மாவுல உப்பு போடறதையே வுட்டுட்டேம்மா. தண்ணிலயே கீது," என்றார் ஜமீலா. "மனு குடுத்துகினேதான் கீறோம். குடிக்க நல்ல தண்ணின்னு எழுதி அனுப்பறாங்க. அனுப்பறவங்க வந்து ஒரு சொம்பு குடிக்கட்டும்." எஸ்தர் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். முகத்தைச் சுளித்தார். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. இணையதளம் வரப்போவதைச் சொல்லி, அதன் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பும்போது, பேருந்து கடற்கரையில் புதிதாக வந்த பெரிய விடுதியைக் கடந்தது. புல்வெளியில் தண்ணீர் சுழன்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. எஸ்தர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தளம் திறக்கப்பட்டது. மாலை, பொன்னாடை, பொத்தானை அழுத்தக் கூப்பிட்ட பெரிய மனிதர், அவர் அழுத்திய பின்னும் வராத திரை, கைதட்டல். விழாவுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதன் பிறகு அந்தத் தளத்தைத் திறந்து பார்த்ததாக நான் நினைக்கவில்லை. திறந்து பார்த்தவர்கள் கோவளத்துக்காரர்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். கிணற்றின் உப்பளவு ஓர் அலுவலகத்துக் கணக்கு. மழை இன்னோர் அலுவலகத்துக் கணக்கு. விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கொடுத்தது மூன்றாவது அலுவலகம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஸ்தர் அவற்றை ஒரே படத்தில் வைத்திருந்தார். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் உப்பு ஏறியிருந்தது; விடுதியின் ஆழ்துளைக் கிணறுகள் வந்த ஆண்டிலிருந்து ஏறியிருந்தது. ஜமீலாவும் தெருப் பெண்களும் அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளுக்குப் போனார்கள். இதையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "இது எங்க கணக்கு இல்ல சார். உங்க கணக்கு," என்றாராம் ஜமீலா.

மறுநாள் இயக்குநர் எங்களை அறைக்கு அழைத்தார். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்ததாகவும், தளத்துக்குக் கடவுச்சொல் போட வேண்டும் என்றும் சொன்னார்.

"ஓப்பன்னுதானே சார் விழா எடுத்தோம்?" என்றார் எஸ்தர்.

"ஓப்பன்தான் மேடம். துறைகளுக்குள்ள ஓப்பன். பப்ளிக்குக்கு இதெல்லாம் புரியாது. குழப்பம்தான் வரும்."

"அவங்களுக்குப் புரிஞ்சிட்டதாலதானே சார் உங்களுக்கு போன் வந்துது?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். இணையதளத்தை மூடினால் என் அலுவலகத்தின் எண்களைத் திரும்பப் பெறுவோம் என்று நான் சொன்னேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் நிம்மதியாகச் சொன்னார். எஸ்தர் எழுந்து நின்றார். "நான் போட மாட்டேன் சார். போடத் தெரிஞ்ச யாரையாவது வெச்சிப் போட்டுக்கோங்க. பூட்டு போடறதுக்கு நான் கல்பாக்கம் வேலைய வுட்டுட்டு வர்ல."

வேறு ஒருவரை வைத்துப் போட்டார்கள். எஸ்தரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் கேட்டதற்கு, குழுவோடு ஒத்துப்போகாதவர் என்றார்கள். இன்றும் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

ஜமீலா கொடுத்த அச்செடுத்த படம் மட்டும் மனுக் கோப்பிலிருந்து நகர மறுத்தது. அரசின் எண்களை அரசே மறுக்க முடியாமல் இழுத்தடித்து, கடைசியில் விடுதியின் ஆழ்துளைக் கிணறுகளில் ஒன்றை மூடினார்கள். அந்தத் தெருவுக்கு வெளியிலிருந்து குழாய் வந்தது. கிணறு பழையபடி ஆகவில்லை. குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. ஜமீலா மறுபடி மாவில் உப்புப் போட ஆரம்பித்தார்.

பூட்டியவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கடவுச்சொல் போட்டவர் மாற்றலில் போனார். அடுத்து வந்தவருக்கு அது தெரியவில்லை. தணிக்கைக்கு யாரோ தளத்தைக் காட்டச் சொன்னபோது அலுவலகத்திலேயே யாராலும் திறக்க முடியவில்லை. இரண்டு பேர் எஸ்தர் வீட்டுக்குப் போனார்கள். அவர் காபி கொடுத்திருக்கிறார். "தெறந்து குடுக்கறேன். ஆனா தெறந்தா எல்லாருக்கும் தெறந்துதான் கெடக்கும். சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்தத் தளம் அப்படியே செத்தது. கட்டிய வீட்டுக்குச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் காவலுக்கு நின்ற அறிவாளிகள் அவர்கள். அவர்களில் சிலர் இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார்கள்.

எஸ்தர் நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுக் காப்பீட்டுக் கணக்குகள், சம்பளம் அதிகம். அந்த வேலையை அவர் மதித்ததில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததும், விடுமுறை நாட்களில் பழைய எண்களைக் கேட்டு மனுப் போடத் தொடங்கினார். தாமே சேர்த்து அடுக்கிய பட்டியலைக் கேட்டதற்கு, அப்படித் தொகுக்கப்பட்ட தகவல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. தொகுத்தவருக்கே அப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். எஸ்தர் என்னிடம் படித்துக் காட்டிச் சிரித்தார். பிறகு ஒவ்வோர் அலுவலகத்திடமும் தனித்தனியே கேட்டு, வந்த தாள்களைத் தட்டச்சு செய்து, தம் செலவில் ஒரு சின்னத் தளத்தில் ஏற்றினார். பார்க்க அழகில்லாத தளம். முகப்பில் படம் இல்லை, தலைவர் இல்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள கிணறுகள் மட்டும் இருக்கின்றன. அது இன்றும் திறக்கிறது. அதை அவர் தம்பி தொடர்ந்து நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்து மேடையில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

நான் இன்னும் அதே நிலத்தடி நீர் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். இன்னும் கிணறுகளை அளக்கிறேன். எஸ்தரிடமிருந்து எனக்கு வந்தது அன்போ பொறுமையோ அல்ல. இரண்டும் அவரிடம் குறைவு. அளந்ததை மறைப்பவர்கள் மேல் ஓர் அருவருப்பு வந்திருக்கிறது. அது போகவே இல்லை. அதனால் இப்போதெல்லாம் உப்பளவைத் தாளில் குறிக்கும் முன் கிணற்றடியில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறேன். போன வாரம் ஒரு கிராமத்தில் குடத்தோடு நின்ற பெண், "யாருக்கு சார் சொல்லிகினு கீற?" என்று கேட்டார்.

"உனக்குத்தாம்மா," என்றேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லு," என்றார்.