ஆற்றுக்கு மேல் ஆறு

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான். புகுந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் பிறந்த ஊரில் ஆற்றுக்கு மேல் ஆறு போகும், பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும், மனுஷர்கள் கீழே நடப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று சிரிக்க ஆரம்பித்தவர்கள் இருபத்திரண்டு வருஷமாக நிறுத்தவில்லை. வீட்டில் யார் எதைக் கூட்டிச் சொன்னாலும், "இன்னா, ஆத்து மேல ஆறா?" என்பார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பெருநகர் என்கிற எங்கள் கிராமத்தில், எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர், அதனால் ஒரு நாள்கூடத் தப்பிக்க வழியில்லை. என் கணவர் அவர்களோடு சேர்ந்து சிரிக்கமாட்டார். எனக்காக ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். அண்ணியின் சிரிப்பைவிட அதுதான் எனக்கு வலித்தது.

எனக்கு ஒன்பது வயதிலேயே எங்கள் குடும்பம் பிழைப்புக்காக ஒரகடம் பக்கம் போய்விட்டது. பிறந்த ஊரில் சொந்தமென்று யாரும் மிஞ்சவில்லை. புகுந்த ஊரிலிருந்து வண்டியில் போனால் ஒரு மணி நேரம்தான். ஆனால் கல்யாணமோ சாவோ இல்லாமல் ஓர் ஊருக்குப் போகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

போன தை மாதம் அந்தப் பக்கத்து ஏரியில் மதகு திறந்துவிட்டார்கள் என்று என் கணவர் டீக்கடையில் கேட்டு வந்தார். தெரிந்தவர் ஒருவரின் குட்டியானை வண்டி காலையில் சும்மா நின்றது. இரண்டு மணிக்கு நெல் மூட்டை ஏற்றவேண்டும், அதற்குள் கொண்டுவந்துவிடு என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் என் கணவர். அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் புடவை மாற்றினேன். சாட்சிக்கு நான் வராமல் எப்படி என்று அண்ணியும் ஏறிக்கொண்டார்.

முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வழி நெடுக நான் வாயை மூடவில்லை. எத்தனை வளைவு, எந்தப் பக்கம் படி, எந்த வளைவுக்குக் கீழே மாட்டுவண்டி போகும் என்று எல்லாம் சொன்னேன். அண்ணி கியர் கம்பி இடிக்காமல் முட்டியை ஒதுக்குவதிலேயே குறியாக இருந்தார்.

பாலம் கண்ணில் பட்டதும், வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கட்டடம். ஓடைக்குக் குறுக்கே ஏழு வளைவும் அப்படியே நின்றன. கூவவேண்டும் போலிருந்தது, கூவினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினேன்.

மேலே தண்ணீர் ஓடவேண்டிய தொட்டி காய்ந்து கிடந்தது. சருகும் ஆட்டுப் புழுக்கையும்தான் இருந்தன. ஓடையில் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் போனது, அது எல்லா ஓடையிலும் போவதுதானே? பின்னாலேயே ஏறி வந்த அண்ணி செருப்புக் காலோடு தொட்டிக்குள் இறங்கி நின்றார்.

"ஆறு எங்கமே? இதுல எங்க வூட்டு எருமகூடப் பொரளாது."

உண்மைதான். நான் ஒன்பது வயதில் ஆறென்று பார்த்தது, குறுக்கே படுத்தால் தலையும் காலும் இடிக்கிற வாய்க்கால். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இனி சாகிறவரை இதைச் சொல்லிச் சொல்லியே கொல்வார்கள் என்று நினைத்தேன்.

ஓடைக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்து விஷயத்தைச் சொன்னார். காலையில் மேலே உள்ள ஊர்க்காரர்கள் முறை, உச்சிப்பொழுதுக்குத்தான் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்புவார்களாம்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் முறைத் தண்ணீரைப் பக்கத்து நிலத்துக்காரர் பத்து நிமிஷம் கூடுதலாகப் பாய்ச்சினால் மண்வெட்டியோடு வரப்பில் போய் நிற்கிறவர் என் கணவர். அண்ணிக்கு மண்வெட்டியும் வேண்டாம், வாயே போதும். அடுத்த ஊருக்கும் முறை என்று ஒன்று இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வெட்கக்கேடு.

காத்திருந்தோம். பன்னிரண்டு ஆனது, பன்னிரண்டரையும் ஆனது. அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நெருங்கும்போது வண்டிக்காரர் போன் செய்தார். தொட்டி இன்னும் காய்ந்துதான் கிடந்தது. சரி, கிளம்புகிறோம் என்று என் கணவர் சொல்லப்போகிறார் என்று செருப்பைத் தேடினேன்.

"அண்ணே, வண்டி லேட்டாவும், வேற வண்டி பாத்துக்க. இல்லண்ணே, தண்ணி இன்னும் வரல. ஆனா வரும். எம் பொண்டாட்டி சின்ன வயசுல பாத்துகீறா."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வாய்க்கால் வருகிற திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் செருப்பை அங்கேயே விட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷம்தான்.

முதலில் சருகுகள் நகர்ந்து வந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டு பின்னால் நுரை வந்தது. அதற்கும் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர் நிறைந்து வந்தது. நான் தொட்டிச் சுவர்மேல் ஏறி, தண்ணீருக்குச் சமமாக அந்தக் கோடிவரை ஓடினேன். நாற்பத்து மூன்று வயதுக்காரி ஓடுகிற ஓட்டமா அது? விழுந்து தொலைக்கப்போகிறாய் என்று என் கணவர் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். சத்தம் கேட்டு அண்ணியும் வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். படியேறி ஒரு தரம் எட்டிப் பார்த்தார். உடனே இறங்கி, ஓடைத் தண்ணீரில் கால் நனைய நடு வளைவுக்கு அடியில் போய் நின்றார். பழைய கட்டடம், விரிசல் வழியே சொட்டுச் சொட்டாக அவர் தலையில் விழுந்தது. அவர் நகரவில்லை. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் மேலே நின்ற எங்களுக்கும் கேட்டது.

"நான் பாலத்துக் கீய நின்னுக்கினு கீறேன். ஆத்து மேல ஆறு போவுது."

அந்தப் பக்கம் வீடே சிரித்தது.

"என்னா சிரிப்பு? கண்ணால பாத்துக்கினு கீறேன், நான் பொய்யா சொல்றேன்?"

அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் திரும்பத் திரும்பச் சிரித்தார்கள். கடைசியில் வளைவுக்கு வெளியே வந்து போனை மேலே நீட்டி, நீயாவது சொல்லேன் என்பதுபோல் என்னைப் பார்த்தார். அது ஆறில்லை, வெறும் வாய்க்கால்தான். நான் குனிந்து போனைப் பார்த்து, ஆமாம், ஆறுதான் என்றேன்.