நாலு பத்துக்குக் கிளம்பிய ஜீப்

சரியாக நாலு மணி பத்து நிமிடம். கைக்கடிகாரத்தை நான் பார்த்தது மட்டுமல்ல, ஓட்டுநருக்கும் தெரியும்படி கையை முன்னால் நீட்டிக் காட்டினேன். நெல்லிவாசலில் பஸ் திரும்பும் இடத்தில் எங்கள் வாடகை ஜீப் நின்றிருந்தது. உள்ளே என் கணவர், மகள், மருமகன், நான். மாமா மட்டும் வரவில்லை. "பெரியவரு இன்னும் வரலீங்களேம்மா" என்றார் ஓட்டுநர். "அவரு பஸ்ல வருவாருங்க. நீங்க எடுங்க" என்றேன். ஜீப் நகர்ந்ததும் மகள் கைதட்டினாள். மருமகன் துண்டை எடுத்து வெளியே நீட்டி ஆட்டி, யாருமில்லாத மைதானத்துக்கு விடைகொடுத்தார். நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அன்று மிக அதிகமாகச் சிரித்தது நான்தான்.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குப் பதினான்கு வயது மூத்தவர். திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம் வழியாக நெல்லிவாசலுக்கு மலையேறும் அரசு பஸ்ஸில் ஏறக்குறைய முப்பது வருடம் கண்டக்டராக இருந்தார். அத்தை கல்யாணமான நாலாவது வருடமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அவர் தனியாகச் சமைத்ததில்லை. நான் கல்யாணமாகி ஆலங்காயத்திலேயே குடியிருந்ததால் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். எனக்கு ஐம்பது தாண்டி, பள்ளியில் கணக்கு டீச்சராக முன்தலை நரைத்த பின்னும் வாசலில் நின்று, "பாப்பா, சோறாச்சா?" என்றுதான் கேட்பார்.

அவருடைய பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் மலையிலிருந்து இறங்குகிறவர்கள், சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ போகிறவர்கள், இறங்கும்போது மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "சாயங்காலம் வர்றேன் கண்டக்டரே." அவ்வளவுதான். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர் வரும்வரை கடைசி வண்டி புறப்படாது. எந்தச் சட்டத்திலும் அது இல்லை. டிப்போவில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒருமுறை அவரோடு அந்த வண்டியில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண் கைக்குழந்தையோடு திரும்பி வரவேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். மாமா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, விசிலை உதட்டில் கவ்வி, ஊதாமலே நின்றார். உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நாளை தங்களுக்காகவும் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. மறுநாள் எனக்குப் பரீட்சை.

போன டிசம்பரில் மகளும் மருமகனும் ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோதுதான் அந்தக் கப்பல் பேச்சு ஆரம்பித்தது. மத்தியதரைக் கடலில் ஏழு நாள். பார்சிலோனாவில் ஏறி, மார்சேய், ஜெனோவா, ரோமுக்கு அருகே ஒரு துறைமுகம், நேபிள்ஸ், பலேர்மோ என்று தொட்டுக்கொண்டு திரும்ப பார்சிலோனா. எங்கள் இருவரையும் மாமாவையும் சேர்த்து ஐந்து பேருக்கும் மகள் இடம் எடுத்திருந்தாள். மாமா தன் அறுபத்தெட்டாவது வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்தார். விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்குப் போய் வந்த அன்று, "டிக்கெட்டு கிழிச்சிக் கிழிச்சி ரேகையே தேஞ்சிப்போச்சுன்னு நெனச்சேன், மெஷினு ஒத்துக்கிச்சு" என்றார்.

கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கி எங்கே போவது என்பதுதான் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு. மகள் மடிக்கணினியைத் திறந்து வைப்பாள். மாமா பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, தன் டிரிப் ஷீட்டைப் போலவே கட்டம் போட்டு எழுதுவார். துறைமுகம் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. எல்லாம் ஸ்டாப்பிங். "நேபிள்ஸ் ஸ்டாப்பிங் காலைல ஏழு, எடுக்குறது சாயங்காலம் ஆறு. கடைசி ஆளு அஞ்சரைக்கு ஏறணும். கரெக்டா?" என்று படித்துக் காட்டுவார். நேபிள்ஸிலிருந்து எரிமலைச் சாம்பலில் புதைந்து வெளியே எடுக்கப்பட்ட பொம்பெயி நகரத்துக்குப் போகலாம் என்றால், அங்கே கல் பாவிய தெருக்களில் மூன்று மணி நேரம் நடக்கவேண்டும். என் கணவரின் முழங்கால் தாங்காது. ரோமுக்குப் போக ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். போக அவ்வளவு, வர அவ்வளவு. ரயில் நின்றுபோனால்?

என் பயமெல்லாம் அந்த ரயிலில்தான் இருந்தது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால், அவர்கள் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாக ரயிலேறிப் போய்த் தாமதமாக வந்தால் கப்பல் போய்விடும். மகள் இதை விளக்கியதும் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏம்மா, உள்ள ஏத்தினவனுக்குத் தெரியாதா எத்தினி பேரு எறங்கினாங்கன்னு?"

"தெரியும் தாத்தா. கார்டைத் தட்டித்தான் இறங்கணும். எண்ணிக்கை இருக்கும்."

"எண்ணி வெச்சிக்கினே வுட்டுட்டுப் போவானா? இன்னாடா அவசரம் அவனுக்கு? கடல்ல முன்னாடி போற வண்டி இவன் கலெக்‌ஷன எடுத்துடுமா?"

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் செல்போனில் ஒரே மாதிரியான வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் கணவனும் மனைவியும் பைகளோடு ஓடி வருகிறார்கள். கப்பல் ஓரடி, இரண்டடி, பத்தடி என்று விலகுகிறது. மேல்தளத்தில் நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தப் பெண் ஓடுவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். ஒவ்வொரு முறையும் அவள் இடத்தில் மாமாவைப் பார்த்தேன். ஏனென்றால் எங்கே போனாலும் கடைசியாக வருகிறவர் அவர்தான். திருப்பதிக்குப் போனாலும் ஏலகிரிக்குப் போனாலும், டீக்கடைக்காரரோடோ பூ விற்கிறவரோடோ பேசிக்கொண்டு நின்றுவிடுவார். தேடிப் போனால், "வண்டி எங்க போயிடப்போவுது பாப்பா" என்பார். முப்பது வருடம் வண்டியை நிறுத்திவைத்தவருக்கு, வண்டி தன்னை விட்டுப் போகும் என்று மனதில் ஏறவே இல்லை.

ஒத்திகை பார்க்கலாம் என்று சொன்னது நான். மலைக்கு ஒருநாள் போவோம், ஜீப்தான் கப்பல், நெல்லிவாசல்தான் நேபிள்ஸ், காலையில் இறங்கி அவரவர் விருப்பம்போலச் சுற்றிவிட்டு நாலு மணிக்குள் ஜீப்புக்கு வந்துவிட வேண்டும், வராதவரை விட்டுவிட்டுப் போவோம். வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் உள்ளே வேடிக்கை இல்லை. ஒருமுறை விட்டுவிட்டுப் போனால்தான் அவருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். வகுப்பில் தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்துவதில்லையா, அதுபோல. மாமாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. "வுட்டுட்டுப் போங்க. அஞ்சேகால் பஸ்ல வர்றேன். அது எனக்காவ நிக்கும்" என்றார்.

அன்று காலை பத்தரைக்கு இறங்கினோம். நானும் கணவரும் அருகிலிருந்த கோயிலுக்கு. மகளும் மருமகனும் ஓடைப் பக்கம். மாமா, ஒன்றரை மைல் உள்ளே இருக்கும் ஒரு சிற்றூருக்கு. அங்கே அவருடைய பழைய பயணிகள் பலர் இருந்தார்கள், தான் கப்பலேறப் போவதை அவர்களிடம் சொல்லவேண்டும். புதிதாக வாங்கிய வெள்ளை நடைக்காலணி போட்டிருந்தார். வேட்டிக்குக் கீழே அது வாத்துக்கால் மாதிரித் தெரிந்தது. மருமகன் கேலி செய்ததற்கு, "ரோம்ல இன்னா, செருப்பு போட்டவன உள்ள வுடுவானா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு எட்டு வேகமாக நடந்து காட்டினார். அந்த நடையைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன். "மாமா, நாலு மணி!" என்று கத்தினேன். திரும்பாமலே கையைத் தூக்கினார்.

நாலு மணிக்கு வரவில்லை. அந்த மலையில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. என் கணவர், "அஞ்சு நிமிஷம் பாக்கலாமே" என்றார். ஐந்து நிமிடம் பார்த்தோம். இன்னும் ஐந்து நிமிடமும் பார்த்தோம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் ஒருமுறைகூட, அவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைக்கவில்லை. இதை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். கணவர் வர அரைமணி தாமதமானால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்பவள் நான். மகள் ஊரில் மழை என்றால் தூங்காதவள். உலகத்தில் எல்லோருக்காகவும் பயப்படுகிற நான், அன்று அவருக்காக மட்டும் பயப்படவில்லை. அவர் தாமதமாகத்தான் வருவார் என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

பாதி மலையில் ஒரு டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினோம். பஸ் அங்கேதான் நிற்கும், அவரை அங்கேயே பிடித்துக் கேலி செய்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பஸ் வரும் நேரம் பார்த்து அவருக்கும் சேர்த்து சூடாகப் போண்டா வாங்கிக் காகிதத்தில் மடித்து வைத்தேன். பஸ் ஆறு மணிக்குத்தான் வந்தது. கண்டக்டர் படியிலேயே தொங்கிக்கொண்டு வந்தார், மாமாவிடம் தொழில் கற்ற மனிதர். எங்களைக் கண்டதும் முகம் மாறியது. "அண்ணன் உங்களோட வந்துட்டாரா? காலைல பாத்து, அஞ்சேகாலுக்கு வர்றேன்னாருங்க. இருவது நிமிஷம் நின்னேன். சரி, ஜீப்புலயே போய்ட்டாரு போலன்னு எடுத்தேன்" என்றார். என் கையில் அந்தப் பொட்டலம் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது. கப்பல் ஏப்ரலில் நாங்கள் இல்லாமல் போனது. நேபிள்ஸ் வரவேண்டிய நாளில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது மகள் மறுபடியும் அழைக்கிறாள். இந்த முறை எங்கேயும் இறங்கவேண்டாம், கப்பலிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்கிறாள். அவள் அழுவது எனக்குக் கேட்காமலிருக்கப் போனைத் தள்ளிப் பிடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கைதட்டியதை அவளும் மறக்கவில்லை. நாலு பத்துக்குத் தேடப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாக இன்னொன்று தெரியவேண்டியிருந்தது. நாங்கள் விட்டுவிட்டுப் போனது அவருக்குத் தெரியுமா? யாரையும் விட்டுப் போகாத அந்த மனிதர், தன்னை விட்டுப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கிடந்தாரா? தெரியாமலே போயிருக்கவேண்டும் என்று, ஜீப் மறுபடி மலையேறும்போதே வேண்டிக்கொண்டு வந்தேன். எதற்காக அப்படி வேண்டுகிறோம் என்பதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

நாங்கள் திரும்பிச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. சிற்றூருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மருமகன் முன்னால் ஓடினார். அவர் நூறடி போவதற்குள் மேலிருந்து ஆட்கள் இறங்குவது தெரிந்தது. ஒரு மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி இரண்டு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். போர்வைக்கு வெளியே வெள்ளைக் காலணிகள் இரண்டும் தெரிந்தன. அவர்கள் அவசரப்படவில்லை. அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

பின்னால் ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். அதற்கு முன் நான் பார்த்தறியாத முகம். நாற்பது வயதிருக்கும். அவள்தான் மாமாவைப் பாதையில் கண்டு, தலையை மடியில் தூக்கி வைத்து, கத்திக் கத்தி ஊர் ஆட்களை வரவழைத்தவள். கத்தியதில் குரல் கம்மிப் போயிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த ஜீப்பு நீங்கதானா?"

தலையசைத்தேன்.

"மேல இருந்து பாத்தா ரோடு தெரியும்மா. கூப்புட்டுப் பாத்தேன், எட்டல. நெஞ்ச புடிச்சிக்கினு சாஞ்சிக் கெடந்தாரு. வண்டி போற சத்தம் கேட்டதும் கண்ணத் தொறந்து, மணி இன்னான்னாரு. எனக்கு இன்னா தெரியும், ஆட்டுக்காரிக்கு. அவரே கையத் தூக்கி வாட்ச்ச பாத்தாரு."

சொல்லலாமா என்று யோசிப்பவள்போல, தூளியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சிரிச்சாரும்மா. 'பத்து நிமிஷம் நின்னுட்டுத்தான் எடுத்திருக்கா எங்க பாப்பா'ன்னாரு."