நால்வருக்கு ஒரு பேட்டரி

அப்பா இறந்து சொத்துப் பிரித்தபோது நிலமும் அரிசி மில்லும் அண்ணன்மார் இருவருக்கும் போயின. எனக்குக் கார் வந்தது. முசிறியில் மில்லை ஒட்டிய கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த கார் அது. பெண்ணுக்கும் ஏதோ கொடுத்தோம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள அண்ணன்மாருக்கு அது வசதியாக இருந்தது. நெல் லாரியின் பின்னால் கட்டி இழுத்துத்தான் உறையூருக்குக் கொண்டுவந்தோம். வழி நெடுகப் பார்த்தவர்கள் லாரிக்காரரிடம் துக்கம் விசாரிப்பதைப்போல விசாரித்தார்கள்.

கார் ஓட்டக் கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். நெல் காயாத நாட்களில் மில் களத்தில் அப்பா சொல்லிக்கொடுத்தது. களத்தில் வட்டமாகவே ஓட்டியிருந்ததால், நேராக ஓட்டுவது திருச்சிக்கு வந்த பிறகுதான் பழகியது. ஐம்பதுகளின் கடைசியில் ஊரில் கார் ஓட்டும் பெண்கள் சிலர் இருந்தார்கள், ஆனால் டாக்டர்கள். பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் ஓட்டினால் அது திமிர். பள்ளியில் என்னை நேரில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் போனபிறகு சொன்னார்கள்.

என் கணவர் மின்சார ஆபீஸில் குமாஸ்தா. சைக்கிள் மனிதர். கார் நின்றுகொண்டிருக்கும்வரை அவருக்கு அதன்மேல் எந்தப் புகாரும் இல்லை. ஷெட்டில் நிற்கும்போது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்பார். ஓடும் காரில் மட்டும் ஏறமாட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பாசத்தை நான் காரின்மேல் கொட்டுவதாக அவருடைய அக்கா எல்லோரிடமும் சொல்லிவந்தார். கொட்டியதெல்லாம் எண்ணெய்தான்.

மற்ற மூவரையும் நான் சந்தித்தது காவிரிப் பாலத்தின்மேல். ஸ்ரீரங்கம் போகும்போது பாதிப் பாலத்தில் என் கார் நின்றுவிட்டது. எதிரே வந்த ஒரு காரும் நின்றது. நெற்றியில் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் இறங்கினார், பிற்பாடு நாங்கள் ஸ்வாமி என்று அழைத்தவர். உதவிக்கு வருகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் சங்கடத்துடன், தன் காரும் தானாகத்தான் நின்றது என்றார். இரண்டு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடித்தன. அப்போது பின்னாலிருந்து துணிக்கூரை போட்ட பழைய திறந்த கார் ஒன்றில் இருவர் கயிற்றோடு வந்தார்கள். ஒருவர் பாலக்கரையில் தோல் மண்டி வைத்திருந்த பாய். கார் அவருடையது. மற்றவர் பொன்மலை ரயில்வே பட்டறை ஆபீஸில் வேலை பார்த்த கிறிஸ்தவர், ஸார் என்றே எல்லோரும் அழைத்தார்கள். அவரிடமும் ஒரு கார் இருந்தது. அன்று அது ஓடாததால்தான் பாயின் காரில் வந்திருந்தார். கயிறு கட்டி இரண்டு கார்களையும் கரை சேர்த்தார்கள். அதற்குள் நாங்கள் நால்வரும் சினேகமாகிவிட்டோம்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் பாயின் மண்டிக்கு எதிரே இருந்த காலி மனையில் கூடினோம். நான்கு கார்கள் இருந்தாலும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான்கும் சேர்ந்து வந்ததில்லை. வந்த கார் வராத காரைப் போய் இழுத்துவரும். தோல் நாற்றம் மூக்கைத் துளைக்கும் அந்த இடத்துக்கு, கோயில் கைங்கர்யக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்வாமி வாரம் தவறாமல் வந்தார். வீட்டில் எங்கே போவதாகச் சொல்வார் என்று நாங்கள் கேட்கவில்லை. திரும்பும் வழியில் காவிரியில் ஒரு ஸ்நானம் பண்ணிவிட்டுப் போவார் என்பது மட்டும் தெரியும்.

எங்களிடம் நல்ல பேட்டரி ஒன்றுதான் இருந்தது. நால்வரும் சேர்ந்து வாங்கியது. மற்றவை எல்லாம் உயிர் போவதும் வருவதுமாக இருந்த கிழங்கள். அவற்றை வைத்துக்கொண்டு முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றினால், காருக்கு மனமிருந்தால் கிளம்பும். நல்ல பேட்டரியை முறை வைத்துக்கொண்டோம். ரம்ஜானுக்குப் பாய்க்கு, ஈஸ்டருக்குப் பொன்மலை ஸாருக்கு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு எனக்கு. ஒரு வருஷம் கிறிஸ்துமஸும் வைகுண்ட ஏகாதசியும் நெருங்கி வந்துவிட்டன. பேட்டரி யாருக்கு என்று ஸாரும் ஸ்வாமியும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் பாய் அதைத் தன் மண்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். இருவரும் நடந்தே போய் அவரவர் சாமியைக் கும்பிட்டார்கள். மத நல்லிணக்கத்தைப் பற்றி யாராவது மேடையில் பேசும்போது எனக்கு அந்தப் பூட்டு நினைவுக்கு வரும்.

ஸ்வாமியின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து ஊர்வலம் விடும் ஜானவாசத்துக்குப் பாயின் காரைவிடப் பொருத்தமானது ஊரில் இல்லை. ஓட்டுவதும் பாய்தான் என்று ஏற்பாடு. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்த பிறகு, பாய் போட்ட ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதறி அவர் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டது. ஸாருக்குப் புதிய கண்ணாடி, விளக்கு வெளிச்சம் கூசும். ஸ்வாமி பெண்ணின் தகப்பனார், அன்று அவருக்குக் கைகால் ஓடவில்லை. நான் ஓட்டுகிறேன் என்றேன்.

சம்பந்தி வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வந்து, மாப்பிள்ளைக் காரை ஒரு பொம்மனாட்டி ஓட்டுவதாவது என்று ஸ்வாமியிடம் கேட்டார்.

ஸ்வாமி கைகூப்பியபடியே, "நாளையிலேர்ந்து அவரை ஓட்டப்போறது ஒரு பொம்மனாட்டிதானே. இன்னிக்கே பழகிக்கட்டும்" என்றார்.

மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். அதன்பிறகு பெரியப்பா ஒன்றும் சொல்ல முடியவில்லை. உத்திர வீதி திருப்பத்தில் கார் நின்றபோது ஸாரும், ஒரு கையில் கட்டுப்போட்ட பாயும், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்வாமியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். நாகஸ்வரம் நிற்கவில்லை. தேர் இழுத்துப் பழகிய ஊர் என்பதால் யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் தாமாகவே வந்து கைகொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒரு காலை என் கணவர் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. வெளியே மழை, குதிரை வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. நான் ஷெட்டுக்கு ஓடினேன். அந்த வாரம் பேட்டரி முறை ஸாருடையது. மழையில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். எத்தனையோ முறை என்னை நடுத்தெருவில் நிறுத்தி அவமானப்படுத்திய அந்தக் கார், அன்று சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அவரை என் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். ஓடும் காரில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. புத்தூர் தாண்டும்போது கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. நான் நினைச்ச மாதிரி குலுக்கலே" என்றார்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

சாவுக்கு மூவரும் வந்தார்கள். ஸ்வாமி வாசலிலேயே நின்றார். ஸார் விறகுக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்தார். பாய் வந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்கிவந்து கொடுத்தார். யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் சினேகத்தில் அப்படி ஒரு நாள் அதுவரை இருந்ததில்லை.

என் கணவரின் அக்கா என்னோடு இருக்க வந்துவிட்டார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். எப்படி இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு அனுபவம் இருந்தது. வாசல் பக்கம் வராதே, முன்னறையில் உட்காராதே, சத்தமாகப் பேசாதே. எனக்கு எதிர்த்துப் பேசவும் தெம்பில்லை, பேசவேண்டும் என்றும் தோன்றவில்லை. பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்தேன். காரை விற்றுவிடலாம் என்று அக்கா சொன்னார், சரி என்றேன். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து, கதவைத் திறந்து மூடிப்பார்த்து, தை பிறந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப்போனார். பின்சீட்டில் கிடந்த பேப்பர்களையும் சேர்த்துத்தானா என்று கேட்டார். அதைக் கேட்டதும் நான் உள்ளே போய்விட்டேன்.

மார்கழியில் ஒருநாள் பாயின் கார் எங்கள் வாசலில் நின்றுபோனது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். அக்கா கொடுத்து அனுப்பினார். நாலைந்து நாள் கழித்து ஸாரின் கார் அதே இடத்தில் நின்றது. பிளக் ஒயர் கழன்றுவிட்டதாம், டீச்சர் ஒரு நிமிஷம் பார்த்தால் நல்லது என்றார். அக்கா அவரை முறைத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கழன்ற ஒயர் அவர் கையிலேயே இருந்தது. நான் வெளியே போகவில்லை. அவர் சற்று நேரம் நின்றுவிட்டு, ஒயரை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவதாக ஸ்வாமி வந்தார். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். வாசலில் நின்றுகொண்டு, பாடம் ஒப்பிப்பதைப்போல, "டீச்சர், கார் பாதியிலே நின்னுடுத்து. நீங்க வந்து பார்த்தாத்தான் உண்டு" என்றார்.

அவருக்குப் பின்னால் கார் ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிவிட்டால் சாவியை எடுத்த பிறகும் அது இருமிக்கொண்டே ஓடும், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. ஸ்வாமி திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "இதோ நின்னுடும்" என்றார் தாழ்ந்த குரலில். அது நிற்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு அது அழுகையாகவும் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வராத அழுகை. ஸ்வாமி என்ன செய்வது என்று தெரியாமல் காரோடு சேர்ந்து நின்றார்.

அக்கா என் பின்னால் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த மனுஷங்க மூணு பேரும் பொய் சொல்றாங்க. தெரியுதா உனக்கு?" என்று கேட்டார்.

"தெரியுதுக்கா."

"அந்தப் பொன்மலைக்காரர் பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கொல்லைப்பக்கமா வர்றாரு. உன் கார்லேர்ந்து என்னமோ பெட்டியைக் கழட்டிட்டுப் போயி, மறுநாள் கொண்டாந்து மாட்டிட்டுப் போறாரு. எதுக்குன்னு கேட்டேன். செத்துப்போயிடக் கூடாதுங்கன்னாரு. டீச்சர்கிட்ட சொல்லாதீங்கன்னும் சொன்னாரு."

நல்ல பேட்டரி என் காரில் இருப்பதையே நான் மறந்திருந்தேன். கிறிஸ்துமஸ் போயிருந்தது, வைகுண்ட ஏகாதசி போயிருந்தது. யாரும் வந்து கேட்கவில்லை. மணிக்கட்டு சரியாக ஆறாத பாய் கையாலேயே ஹேண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் இதற்காகப் பேச்சையே விட்டவர்கள், இந்த வருஷம் அதைச் சார்ஜ் ஏற்றி எனக்காக உயிரோடு வைத்திருந்தார்கள்.

"போயி என்னன்னு பாரு. தெருவே பாக்குது, அந்தச் சனியன் கத்துறதை" என்றார் அக்கா.

வெளியே போனேன். பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குக் காற்றுப்போகும் வழியைக் கையால் அடைத்தேன். கார் நின்றது. ஸ்வாமி பெருமூச்சு விட்டு, எம்பெருமான் கிருபை என்றார். பொய் இப்போதாவது உண்மையானதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. பிறகுதான், நின்ற கார் திரும்பக் கிளம்பவில்லை என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் என் காரை எடுத்து, கயிறு கட்டி, அதைப் பாலக்கரைவரை இழுத்துக்கொண்டு போனேன். தெருவில் எல்லா ஜன்னல்களும் திறந்தன. அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு ஜன்னலாகத் திரும்பிப் பார்த்தாராம். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டதாக அவரே பிற்பாடு சொன்னார்.

தை பிறந்து இரும்புக்காரர் வந்தபோது நான் பள்ளிக்குப் போயிருந்தேன். ஷெட் காலி. அக்காதான் அவரிடம் பேசினார். கார் வெளியே போயிருப்பதாகவும், வருகிற நேரம் சொல்ல முடியாது என்றும், வாரம் முழுவதும் அதற்கு வேலை இருப்பதாகவும் சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் சில வருஷம் நடந்தன. பிறகு ஸ்வாமிக்குக் கண்புரை வந்தது, தன் காரைப் பேரனின் விளையாட்டுக்கு விட்டுவிட்டார். அவரை வாரம் ஒருவராகப் போய் அழைத்துவந்தோம். பாய்க்கு மண்டியில் வியாபாரம் சரிந்த வருஷம், திறந்த காரை விற்கப்போவதாகச் சொன்னார். ஸார் அன்றே போய் அதன் கார்புரேட்டரைக் கழற்றிப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டுவந்துவிட்டார். வியாபாரம் நிமிரும்வரை அந்தப் பழுது தீரவில்லை.

அக்கா என்னோடே தங்கிவிட்டார். சமயபுரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போகச் சொன்னார், அதன்பிறகு மாதம் ஒருமுறை ஆனது. முன்சீட்டில் என் பக்கத்தில்தான் உட்காருவார். எங்கள் காரில் திரும்புவதைக் காட்டும் விளக்கு கிடையாது, இடதுபக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டவேண்டும். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கொள்ளிடம் பாலத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதும் கையை வெளியே நீட்டுவார். பின்னால் வரும் பஸ்காரர்கள் நாங்கள் ஆற்றுக்குள் திரும்பப்போகிறோம் என்று பயந்து ஒதுங்கிவிடுவார்கள். நமக்கு எவ்வளவு மரியாதை பார் என்பார் அக்கா.