கம்பளிக்குள் இருந்த கை

கொடைக்கானலில் நர்ஸாக இருப்பவளுக்கு முதல் எதிரி கம்பளி. டூட்டிக்கு வந்ததும் டிரிப் ஏறும் ஒவ்வொரு கையையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. "இந்தக் குளுர்ல இந்தம்மாவுக்கு வேற சோலியே இல்லையா?" என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

ஊசி நழுவினால் மருந்து ரத்தக்குழாயை விட்டுச் சுற்றியுள்ள சதைக்குள் கசிந்துவிடும். எக்ஸ்ட்ராவசேஷன் என்பார்கள். கசிந்தது வெறும் உப்புத் தண்ணீர் என்றால் வீங்கி, தானாக வடிந்துவிடும். கடுமையான மருந்து என்றால் சதையையே அரித்துவிடும்.

அன்று காலை பேத்துப்பாறைக் கிராமத்துப் பெண் ஒருத்திக்குக் கால்சியம் ஏறிக்கொண்டிருந்தது. அதுவும் அந்த அரிக்கும் ரகம்தான். தோட்டக் கூலி வேலை செய்பவள். விரல்கள் இழுத்துக்கொண்டதால் சேர்த்திருந்தார்கள். ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, அதற்கும் மேல் கம்பளி. எல்லாவற்றையும் விலக்கினால் புறங்கை பன்போல உப்பி, வெளுத்து, ஜில்லென்று இருந்தது.

"வெள்ளனேயே வலிக்குதுன்னேங்க சிஸ்டர். ஊசின்னா வலிக்கத்தான் செய்யும்னு இவருதான் பொத்தி விட்டாரு."

"கை வெறைச்சுக் கெடந்துச்சுங்க, அதான்..." என்றார் அவள் கணவர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு நேரமில்லை. டிரிப்பை நிறுத்தி, ஊசியைப் பிடுங்காமலே சிரிஞ்சு வைத்து முடிந்தவரை மருந்தை உறிஞ்சி எடுத்தேன். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, கசிந்த மருந்து கலைந்து போவதற்கு வீக்கத்தைச் சுற்றிலும் ஊசி போட்டார். தோல் கறுத்தால் ஆபரேஷன்தான், அதற்குப் பிறகு விரல் மடங்குமா என்பது சந்தேகம் என்றார்.

"கை போயிருச்சுன்னா எப்படிங்க பீன்ஸ் பறிப்பேன்?" என்று என்னிடம் கேட்டாள். பார்த்தது கணவரை.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "கையத் தூக்கியே பிடிக்கணும். மறுபடி கம்பளியத் தொட்டீங்க, வார்டுக்கு வெளிய நிப்பாட்டிருவேன்."

நாலு பேர் முன்னால் மனைவியின் விரலைக்கூடத் தொட்டிராத மனிதர் போலிருந்தது. கூச்சத்தில் நெளிந்தார். எதிர்க் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். ஆனாலும் பிடித்த கையை விடவில்லை. டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

நேரத்தோடு பிடித்துவிட்டோம், கை பிழைத்துவிடும் என்று நான் உறுதியாகவே நம்பினேன். இருந்தாலும் மணிக்கொரு தரம் போய் அந்தப் பேனாக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் வீக்கம் கோட்டுக்குள் சுருங்கியிருந்தது. தோலை அழுத்திவிட்டு விரலை எடுத்தேன். சிவப்பு திரும்பி ஓடி வந்தது; ரத்த ஓட்டம் சரியாக இருந்தது. "விரல மடக்குங்க" என்றேன். மெதுவாக மடக்கினாள். கணவர் கண்ணெடுக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடங்கிய அந்தக் கையாலேயே அவர் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

தலையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தவரின் கண்ணெல்லாம் தண்ணீர்.

"நல்லா வலிக்குதுங்க சிஸ்டர்" என்றார்.